திரையில் வரும் ஆங்கிலத்தை முதலில் சொல்லிக்கொடுங்கள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பெண் ஒருத்தி தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் பில்லிங் வேலைக்குப் போக நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்கிறாள். முதல் வாரம் முழுக்க வெற்றிடக் குழாய், டிரான்சிஸ்டர், கணினியின் ஐந்து தலைமுறைகள், சி.பி.யூ.வின் விரிவு. கடைக்காரர் இதில் ஒன்றையும் கேட்கப்போவதில்லை. "இந்த பில்லை கேன்சல் பண்ணிட்டு, தேதிய மாத்தித் திரும்பப் போடும்மா" என்பார். போனை அவள் நம்மைவிட வேகமாகக் கையாள்வாள். திரையில் திடீரென்று ஓர் ஆங்கில வாக்கியம் எழும்போதுதான் அவள் கை நின்றுவிடுகிறது. பாடம் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர், கடையில் புது ஆளைப் பழக்கும் மேனேஜர், தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் வகுப்பெடுக்கும் பட்டதாரி ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

நெசவு வீட்டுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்கு ஒரு ஜக்கார்டு அட்டையைக் கையில் எடுத்துப்போங்கள். துளை இருக்கும் இடத்தில் கொக்கி மேலேறும், பாவு இழை தூக்கப்படும். துளை இல்லையென்றால் இழை அசையாது. 'பிட்' என்பது இவ்வளவுதான்: உண்டு, அல்லது இல்லை. பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் இந்த முறையைத் தறிக்குக் கொண்டுவந்தார். சார்லஸ் பாபேஜ் தான் வடிவமைத்த கணக்கு எந்திரத்துக்கு அதே துளை அட்டையை எடுத்துக்கொண்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஹெர்மன் ஹாலரித்தின் துளை அட்டைகளில்தான் எண்ணப்பட்டது. வரலாறு இது போதும்.

அடுத்தது டிசைன் போடும் கிராப் தாள். அதில் ஒரு கட்டம், திரையில் ஒரு பிக்சல். எலக்ட்ரானிக் ஜக்கார்டு பூட்டிய தறியில் அட்டைக் கட்டே கிடையாது. டிசைன் ஒரு ஃபைலாகப் போகிறது. எக்செல்லைத் திறந்து, கட்டங்களில் நிறம் நிரப்பி ஒரு சின்ன அன்னப் புட்டா வரையச் சொல்லுங்கள். செல், ரோ, காலம், செலக்ட், ஃபில், ஜூம், அன்டூ எல்லாம் அந்த ஒரு வேலைக்குள்ளேயே வந்துவிடும். வரைந்த புட்டாவை காப்பி எடுத்து வரிசையாக பேஸ்ட் செய்யும்போது, அட்டை குத்துவதை வீட்டில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொற்களை மனப்பாடம் செய்யும் தேவையே வராது.

மானிட்டர், மவுஸ், கீபோர்டு படத்தைச் சுவரில் ஒட்டிப் பெயர் சொல்வது அரை நாள் வேலை. தமிழில் பேசும்போதும் நாம் அவற்றை அப்படித்தானே சொல்கிறோம்? கஷ்டம் வினைச்சொற்களில் இருக்கிறது. அவற்றை ஜோடி ஜோடியாகக் கொடுங்கள்: சேவ், சேவ் ஆஸ், கட், காப்பி, குளோஸ், மினிமைஸ், கேன்சல், டெலிட். விளக்கம் குறைவாக இருக்கட்டும், செய்துபார்ப்பது கூடுதலாக இருக்கட்டும். பழைய ரேட் லிஸ்ட்டில் விலையை மாற்றி சேவ் கொடுத்தால் பழைய விலை போய்விடும். வேறு பெயரில் சேவ் ஆஸ் கொடுத்தால் இரண்டும் இருக்கும். மூடும்போது 'டூ யூ வான்ட் டு சேவ்' என்று கேட்கும் பெட்டியில் 'டோன்ட் சேவ்' பொத்தானை வேண்டுமென்றே அழுத்தவையுங்கள். வகுப்பில் போவது ஐந்து வரி. கடையில் போனால் ஒரு நாள் ஸ்டாக் என்ட்ரி.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது பிழைச் செய்திகளுக்கு. பெரும்பாலான மையங்களில் இதற்குப் பாடமே இல்லை என்பது எனக்கு வருத்தம். இன்வேலிட், ரெக்வயர்ட், ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ், நாட் ஃபவுண்ட், ஃபெயில்ட், எக்ஸ்பயர்ட் என்ற ஆறையும் வாய்விட்டுப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்தால் பில்லிங் மேஜையில் பாதிப் பயம் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் வேலையிலிருந்தே உதாரணம் எடுங்கள்.

'இன்வேலிட்'டுக்கு ஜி.எஸ்.டி. எண்ணைவிட நல்ல பாடம் இல்லை. அதில் 15 இடங்கள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் வாங்குபவரின் பான் எண். 13-வது இடம் அதே பானில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்று காட்டும், 14-வது பொதுவாக 'இசட்', கடைசியில் இருப்பது சரிபார்ப்புக் குறி. பான் எண்ணில் ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், பிறகு ஓர் எழுத்து. ஆகவே ஜி.எஸ்.டி. எண்ணில் மூன்றாவது இடத்திலிருந்து ஏழு வரை எழுத்துதான் வரும்; எட்டிலிருந்து பதினொன்று வரை இலக்கம்தான். வாட்ஸ்அப்பில் வந்த எண்ணைப் பார்த்து அடிக்கும்போது 'ஓ' இருக்க வேண்டிய இடத்தில் சைபரும், 'ஐ' இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் விழுந்துவிடும். எந்த இடத்தில் எது வரும் என்று தெரிந்தவர் தவறைத் தானே கண்டுபிடிப்பார். வேண்டுமென்றே கெடுத்த ஐந்தாறு எண்களைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

மற்றவை சீக்கிரம் முடியும். சிவப்பு நட்சத்திரம் உள்ள கட்டத்தை விட்டால் 'ரெக்வயர்ட்'. அதே பில் நம்பரை மறுபடி போட்டால் 'ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்'. வெகுநேரம் தொடாமல் விட்ட பக்கம் 'எக்ஸ்பயர்ட்' என்றால் மறுபடி லாகின். முகவரியில் கேட்கும் பின் 631501 போன்ற ஆறு இலக்கம், ஏ.டி.எம். பின் வேறு, ஓ.டி.பி. வேறு, இந்த இரண்டையும் யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதையும் அந்த வகுப்பிலேயே அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

பேச்சுப் பயிற்சி இரண்டு வகை போதும். ஒன்று, போனில் மெயில் ஐ.டி.யைச் சொல்வதும் கேட்டு எழுதுவதும்: அட், டாட், அண்டர்ஸ்கோர், ஹைஃபன், ஆல் ஸ்மால் லெட்டர்ஸ், நோ ஸ்பேஸ். இரண்டாவது, கோளாறைச் சர்வீஸ்காரரிடம் சொல்வது. "சார், ஒர்க் ஆகல" என்றால் அவர் பத்துக் கேள்வி கேட்பார். "ஐ ட்ரைட் டு பிரின்ட். இட் சேஸ் பிரின்டர் ஆஃப்லைன்" என்றால் நேராக விஷயத்துக்கு வருவார். செய்தது என்ன, திரை சொல்வது என்ன என்ற இரண்டு வாக்கியங்களை இருவர் இருவராக உட்கார்ந்து பழகட்டும்.

திரையைத் தமிழுக்கு மாற்றிக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். கடையில் இருப்பது ஆங்கிலத் திரை. விளக்கம் முழுக்கத் தமிழில் இருக்கட்டும். தமிழ் தட்டச்சைத் தனித் திறமையாகச் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பழகியவருக்கு அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், சங்கக் கடிதம் என்று இந்த ஊரில் வேலை உண்டு. அரசுத் தட்டச்சர் பணியை நினைப்பவரிடம், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வைப் பற்றி முதல் நாளே சொல்லிவிடுங்கள். தலைமுறைகளும் விரிவுகளும் அந்தத் தேர்வுக்குப் படிக்கும்போது படிக்கலாம்.

முடிவில் எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். பிரின்டர் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரு பில் போட்டு பிரின்ட் எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். செய்தியை அவரே படித்து, கேபிளைத் தேடிச் செருகினால் அடுத்த நாளே வேலைக்கு அனுப்பலாம். உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் இன்னும் ஒரு வாரம் வகுப்பு.