காவல்காரர் தின்ற வடை

திருவள்ளூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அம்மா கொடுத்தனுப்பிய நோட்டை முழுக்கப் படித்தேன். "நல்லா இருக்கு" என்று ஒரு வரி எழுதிப் போட்டால் உனக்கும் சந்தோஷம், எனக்கும் வேலை மிச்சம். ஆனால் கடைசிப் பக்கத்தில் "உண்மையைச் சொல்லுங்க மாமா" என்று எழுதி வைத்திருக்கிறாயே. அதனால் சொல்கிறேன்.

நோட்டில் நிலா வருகிறது, ரோஜா வருகிறது, கண்ணீர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பொன்னேரியில் நீ தினமும் அடித்துப் பிடித்து ஏறுகிற கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் வரவில்லை. நீ வேலை செய்கிற சிப்காட் தொழிற்பேட்டை வரவில்லை, சி ஷிப்ட் முடிந்து கண் எரிய வெளியே வருகிறவர்கள் வரவில்லை. ஒரே ஒரு இடத்தில் ஆலை வருகிறது: "இரும்பு இயந்திரமே, உனக்கு இதயம் இல்லையா?" ஆலைப் பக்கமே போகாதவர்கள் எழுதக்கூடிய வரி இது. நீ தினமும் உள்ளே போகிறவள்.

வேலைக்குப் போகிற பெண்ணுக்குக் கவிதை எதற்கு என்று உன் அப்பா கேட்டாராம். சங்கப் புலவர்களின் பெயர்களை அவருக்குப் படித்துக் காட்டு. மதுரைப் பெருங்கொல்லன் இரும்படித்தவர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் நகை செய்தவர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வியாபாரி, சீத்தலைச் சாத்தனார் தானிய வியாபாரி. வெண்ணிக் குயத்தியார் பானை வனையும் குடியில் பிறந்த பெண். வென்ற கரிகாலனைப் புகழ்ந்துகொண்டே, தோற்ற சேரனை ஒரு படி மேலே தூக்கி வைத்தவர். இவர்கள் யாரும் தொழிலை மறைத்துக்கொண்டு பாடவில்லை. தொழிலோடு சேர்த்துத்தான் அவர்கள் பெயரே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நீ ரயிலேறும் பொன்னேரிக்குப் பக்கத்துச் சின்னக்காவனம்தான் வள்ளலாரின் தாயார் சின்னம்மையாருடைய ஊர். பயிர் காய்வதை ஊரே பார்த்தது. அதைத் தன் உடம்பில் பட்ட நோவாக எழுதியவர் வள்ளலார் ஒருவர்.

சரி, எப்படி எழுதுவது? நீ குவாலிட்டியில் இருக்கிறாய். ஒரு பீஸை ரிஜெக்ட் செய்யும்போது "மனசுக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதினால் சூப்பர்வைசர் ஒப்புக்கொள்வாரா? எந்த இடத்தில், எவ்வளவு கூடியிருக்கிறது என்று வெர்னியர் வைத்து அளந்து எழுதுகிறாய் அல்லவா? கவிதையிலும் அந்தக் கண்தான் வேண்டும். "வறுமை", "ஏக்கம்", "சோகம்" என்பவை அளக்காமல் எழுதிய ரிப்போர்ட்.

உன் பூக்காரம்மா கவிதையையே எடுத்துக்கொள். "மணம் விற்கும் தாயே, உன் வாழ்வில் மணம் இல்லையே" என்று முடித்திருக்கிறாய். ரயிலில் அந்த அம்மாவிடம் உண்மையில் என்ன பார்த்தாய் என்று போனில் கேட்டேன். நீ சொன்னதை வரி பிரித்து எழுதினால் இப்படி வருகிறது:

பூக்காரம்மா முழம் போட்டால்
கை எப்போதும் குட்டை.
சில்லறை போதாமல் தயங்கியவளுக்கு
அதே கை அரைச் சாண் நீண்டது.

இதில் வறுமை என்ற சொல் இல்லை, பாவம் என்ற சொல்லும் இல்லை. அந்த அம்மா அளவில் கொஞ்சம் அடிக்கிறவர்தான், மனசு வந்தால் கொடுக்கிறவரும்தான். இரண்டும் ஒரே கையில் இருக்கிறது. மனித சுபாவத்தை எழுதுவது என்றால் இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான். அவரைத் தெய்வமாக்கினாலும் திருடியாக்கினாலும் ஆள் காணாமல் போய்விடுவார்.

இன்னொன்று பார். எங்கள் ஊர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் அமாவாசைக்கு வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைவது போல நோயும் கரையும் என்று நம்பிக்கை. அந்தப் படிக்கட்டில் கிடைத்தது இது:

சர்க்கரை வியாதி தீர வேண்டி
குளத்தில் கரைக்கிறார்
முழுசாய் ஒரு கட்டி வெல்லம்.

சிரிப்பு வந்தால் வரட்டும். கூடவே அந்த மனிதரின் பயமும் தெரிகிறது, ஆசையும் தெரிகிறது. நாலாவது வரியாக "என்னே மூடநம்பிக்கை" என்று சேர்த்துப் பார், கவிதை செத்துவிடும். "என்னே பக்தி" என்று சேர்த்தாலும் சாவுதான். தீர்ப்பு சொல்வது படிக்கிறவர் வேலை. அதை நாமே செய்துவிட்டால் அவர் எதற்கு?

மூன்று வரி எழுதினால் ஹைக்கூ என்று நினைத்துவிடாதே. பாரதியார் 1916-இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியரின் குறுங்கவிதையைப் பற்றி எழுதினார். அப்துல் ரகுமானின் 'பால்வீதி' 1974-இல் வந்தது. அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்', அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி' இரண்டும் 1984-இல் வந்தன. அதற்குப் பிறகு தமிழில் மூன்று வரிக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் பாதி, ஒரு பொன்மொழியை மூன்றாக உடைத்துப் போட்டவை. உடைத்த துண்டுகளைச் சேர்த்து ஒரே வரியாகப் படித்துப் பார். "உழைப்பே உயர்வு" மாதிரி ஏதாவது வந்தால் அது சுவரில் எழுத வேண்டியது. குறுந்தொகைப் பாட்டு நாலடியிலிருந்து எட்டடிக்குள் ஒரு முழுக் காதலையே வைத்துவிடுகிறது. அங்கே யாரோ ஒருத்தி யாரோ ஒருவரிடம் பேசிக்கொண்டிருப்பாள். நமக்குப் புத்தி சொல்ல யாரும் வருவதில்லை.

இனி கதைக்கு வருகிறேன். கவிதை ஒரு கணத்தில் நின்றுவிடலாம். கதைக்கு, யாராவது ஒருவர் ஒரு முடிவெடுக்க வேண்டிய இக்கட்டு வேண்டும். ஷிப்ட் முடிந்து போகும்போது கேட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டச் சொல்வார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். நோட்டிலேயே கதை இருக்கிற இடம் அதுதான். வைத்துக்கொள்: கேன்டீன் பண்டத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. ஒரு பெண்ணின் டப்பாவில் இரண்டு வடை இருக்கிறது. வீட்டில் பிள்ளை. காவல்காரர் மூடியைத் திறந்துவிட்டார். வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.

அவர் பார்க்காதது போல் மூடிக் கொடுத்தால் அது நல்ல மனிதர் கதை. எழுதிக் கொடுத்து வேலையைப் பறித்தால் கெட்ட மனிதர் கதை. இரண்டையும் ஆயிரம் முறை படித்தாகிவிட்டது. மூன்றாவதாக ஒன்று யோசி. அவர் ஒரு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு "போம்மா" என்கிறார். இது லஞ்சமா? பசியா? அல்லது நாளை அவரும் வாய் திறக்க முடியாதபடி தானும் குற்றத்தில் பங்காளியாகி, அவளைக் காப்பாற்றுகிற வழியா? அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அந்தப் பெண் நன்றி சொல்வாளா, திட்டுவாளா? பஸ்ஸில் உட்கார்ந்து மீதி ஒரு வடையைப் பார்த்து என்ன நினைப்பாள்? இங்கேதான் உனக்கு வேலை.

அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் பல ஆண்டு வேலை பார்த்தவர். அவருடைய 'புலிக்கலைஞன்' கதையைத் தேடிப் படி. சினிமா கம்பெனியில் ஒரு சாதாரண அறை, சாப்பாட்டுக்குப் பிந்திய மந்தம், வாய்ப்புக் கேட்டு வருகிற ஒரு ஆள். அந்த ஆள் அங்கேயே புலியாகிக் காட்டுகிறார்; அடுத்து வேலைக்காகக் கெஞ்சுகிறார். ஆசிரியர் எங்கேயும் அழச் சொல்லவில்லை, நமக்குத்தான் தாங்காது. ஆபீஸ் அறையில் கிடைத்த கதை அது. உன் கேட்டிலும் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. உன் லைனில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் இருக்கிறார்கள். நோட்டில் அவர்கள் எல்லோரும் அம்மாவை நினைத்து அழுகிறார்கள். அவர்களில் ஒருவன் சரியான வாயாடியாக இருப்பான், ஒருவன் கஞ்சனாக இருப்பான், ஒருவன் தமிழ்ப் பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டிருப்பான். இப்படிப் பலவிதமாக இருக்கிற உரிமையை அவர்களுக்கும் கொடு. துயரம் என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். சீனாவில் ஷென்ஜென் நகர ஃபாக்ஸ்கான் ஆலையில் ஷூ லிச்சி என்று ஒரு இளைஞர் வேலை பார்த்தார். ராத்திரி ஓவர்டைமில் தரையில் விழுகிற ஒரு திருகாணியை வைத்து அவர் எழுதிய சிறு கவிதை உலகம் சுற்றியது. அவர் 2014-இல், 24 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அந்தத் திருகாணியைப் பார்த்த கண்ணை எடுத்துக்கொள். துயரம்தான் எழுத்துக்குத் தகுதி என்று மட்டும் நினைக்காதே. மனசு பாரமானால் நோட்டோடு நிறுத்தாமல் எனக்கோ அம்மாவுக்கோ போன் போடு. அப்புறம், கூட வேலை செய்கிறவர்களைப் பற்றி எழுதினால் பெயரையும் ஊரையும் மாற்றி எழுது. அவர்கள் நாளைக்கும் அதே கேட்டில் நிற்க வேண்டியவர்கள்.

இந்த மாதம் இரண்டே வேலை. ரயிலில் பார்த்த ஒன்றைத் தினம் நாலைந்து வரி எழுது, உவமை இல்லாமல். வடைக் கதையை உன் போக்கில் எழுது. முடிவு நான் சொன்னதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எழுதியதை முதலில் அப்பாவுக்குப் படித்துக் காட்டு. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று அவர் கேட்டால் நீ சரியான தடத்தில் போகிறாய்.

நோட்டை இதோடு திருப்பி அனுப்புகிறேன். பென்சிலால் அடித்த வரிகள் வெட்ட வேண்டியவை. பார்த்தாலே தெரியும், ஏறக்குறைய எல்லாமே கடைசி வரிகள்.

அன்புடன்,
மாமா