வாத்தியார் மாணவரான இரண்டு வாரம்

நான் நடத்திய முதல் பயிற்சி முகாமை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. 2020 ஜூலை. கல்லூரிகள் பூட்டிக் கிடந்தன. 26 பேராசிரியர்கள் திரையில் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் பாடப்பக்கம் திறப்பது, வினாடி வினா சேர்ப்பது, அசைன்மென்ட்டுக்குக் கெடு வைப்பது என்று ஐந்து நாளும் பொத்தான் பொத்தானாகக் காட்டினேன். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். ஐந்தாம் நாள் நன்றியுரை, சான்றிதழ்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பாடப்பக்கங்களைத் திறந்து பார்த்தேன். யூனிட் 1 பி.டி.எஃப்., யூனிட் 2 பி.டி.எஃப்., பழைய கேள்வித்தாள்கள். விவாதப் பகுதியில் 'வெல்கம் ஸ்டூடண்ட்ஸ்' என்று ஒரே ஒரு பதிவு; அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. ஆளுக்கொரு ஜெராக்ஸ் கடை திறந்து வைத்திருந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கல்லூரியில் பாடம் நடத்த பி.எட். தேவையில்லை, நெட், செட் அல்லது முனைவர் பட்டம் போதும். வகுப்பெடுக்கும் வித்தையை அவர்கள் யாரிடமும் தனியாகப் படிக்கவில்லை. பதினேழு பதினெட்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து, நல்ல வாத்தியாரையும் தூங்க வைத்த வாத்தியாரையும் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டார்கள். இணையவழியில் அந்த பெஞ்சு அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. நான் நேரடியாக மேடையில் ஏற்றிவிட்டேன்.

அடுத்த முறை முகாமுக்கு முன்னால் இரண்டு வாரம் அவர்களை மாணவர்களாக உட்கார வைத்தேன். யாருடைய பாடமாகவும் இருக்கக் கூடாது என்பதற்காக நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, வீட்டு ஈ.பி. பில்லைப் படிப்பது எப்படி. சிரித்தார்கள். "சார், பி.எச்டி. முடிச்சவங்களுக்கு இதுவா?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

முதல் நாள் படிக்க எதுவும் கொடுக்கவில்லை. ஒரு கேள்வி மட்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு வீட்டில் 490 யூனிட், பக்கத்து வீட்டில் 510. பில் தொகையில் எவ்வளவு வித்தியாசம் வரும்? ஊகித்து எழுத வேண்டும். பெரும்பாலோர் 20 யூனிட்டின் விலையைப் போட்டார்கள். மறுநாள் கட்டண அட்டவணையைக் கொடுத்து, அவரவர் வீட்டு பில்லோடு வைத்துப் பார்க்கச் சொன்னேன். நம் ஊர்க் கட்டண முறையில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. அதற்கு முந்தைய யூனிட்டுகளில் சிலவற்றின் விலையும் சேர்ந்து ஏறும். வேதியியல் பேராசிரியர் ஒருவர் தன் வீட்டு பில்லின் படத்தைப் போட்டு, "ஏ.சி.யை பத்து நாள் முன்னாடியே நிறுத்தியிருப்பேனே" என்று எழுதினார். அதற்குக் கீழே சண்டையே நடந்தது. முதலில் ஊகிக்க வைத்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அட்டவணையை முதல் நாளே கொடுத்திருந்தால் 'பயனுள்ள தகவல், நன்றி' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

இரண்டாம் வாரம்தான் எனக்குத் திருவிழா. கெடு முடிந்த இரவு பதினொன்றரைக்கு ஃபோன். "வீட்ல விசேஷம் சார், ரெண்டு நாள் டயம் குடுங்க." மாணவர்களிடம் கெடுவை நீட்டவே மாட்டேன் என்று பெயரெடுத்தவர் அவர். இன்னொரு மேடம், தான் எழுதியதற்கு நான்கு நாளாக நான் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம். முகாமில் பின்னூட்டம் பற்றிப் பேச ஆரம்பித்தபோது, பி.பி.டி. எதுவும் தேவைப்படவில்லை.

காணொளி விஷயத்துக்கு வருகிறேன். 2017இல் வந்த ஸ்வயம் தளத்தின் பாடங்களுக்குக் காணொளி, வாசிப்புப் பொருள், விவாதம், மதிப்பீடு என்று நான்கு கால்கள். நம்மவர்களின் பலமெல்லாம் முதல் காலிலேயே கரைந்துவிடுகிறது. கோட்டு சூட்டு, பச்சைத் திரை, 50 நிமிட உரை. ஃபிலிப் குவோவும் அவரோடு இருந்தவர்களும் எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை காணொளி பார்க்கப்பட்ட விவரங்களை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். ஆறு நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளிகளில் மாணவர்களின் கவனம் நழுவுகிறது என்பது அதில் எல்லோருக்கும் தெரிந்த முடிவு. இதைச் சொன்னதும் ஒருவர் தன் 48 நிமிட உரையை எட்டுத் துண்டாக நறுக்கிக்கொண்டு வந்தார். ஆறாம் துண்டு ஒரு வாக்கியத்தின் நடுவில் ஆரம்பித்தது!

அதே ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஸ்லைடைக் காட்டிப் பேசுவதைவிட, கையால் எழுதியபடியே விளக்கும் காணொளி மாணவர்களை அதிகம் பிடித்து வைக்கிறது. செலவழித்து ஸ்டூடியோவில் எடுத்தது, மேஜை முன்னால் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசியதை ஜெயித்துவிடுவதில்லை. எங்கள் புள்ளியியல் மேடம் இரண்டு அடுக்குப் புத்தகத்துக்கு நடுவே ஸ்கேலைப் பாலம் போட்டு, அதன் மேல் ஃபோனைக் கவிழ்த்து வைத்து, கீழே வெள்ளைத்தாளில் திட்டவிலக்கம் போட்டுக் காட்டினார். நடுவில் ஒரு கூட்டல் தப்பு, அடித்துத் திருத்தினார். அதை வெட்டிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கணக்கில் தப்பு வந்தால் எங்கே தேடுவது என்பதை மாணவர்கள் வேறெங்கே பார்க்கப்போகிறார்கள்?

விவாதக் கேள்வியைச் செதுக்கத்தான் முகாமில் அதிக நேரம் கொடுக்கிறேன். 'பணவீக்கம் என்றால் என்ன?' என்று கேட்டால் கூகுளில் இருந்து அறுபது பேரும் ஒரே பத்தியை ஒட்டுவார்கள். அப்படிக் கேட்டிருந்த பொருளாதார ஆசிரியர் ஒருவர் கேள்வியை மாற்றினார்: உங்கள் தெரு மளிகைக் கடையில் இன்றைக்குத் துவரம்பருப்பு என்ன விலை? வீட்டுப் பெரியவர் ஒருவரின் நினைவில் இருக்கும் பழைய விலை என்ன, எந்த வருடம்? இரண்டு பேர் சொன்னது பொருந்தாவிட்டால் ஏன் என்று யோசித்து எழுதுங்கள். தமிழ்த்துறை ஆசிரியர், மருதத் திணையின் கருப்பொருள்களில் உங்கள் ஊரில் இன்னும் மிஞ்சியிருக்கும் ஒன்றைப் படம் பிடித்து, போய்விட்ட ஒன்றைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னார். பக்கத்து நண்பனைப் பார்த்து எழுத வழியில்லாத கேள்வி என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நேரலை வகுப்பில் எங்கள் எல்லோருக்கும் ஒரு வியாதி. "கேக்குதா? தெரியுதா? புரியுதா?" பதில் வராது. வந்தாலும் முன்வரிசைப் பெண் ஒருத்தியின் "யெஸ் சார்" மட்டும். இதற்கு நான் கற்ற நல்ல மருந்து: பதிலை சாட்டில் தட்டுங்கள், அனுப்பாதீர்கள், நான் மூன்று எண்ணியதும் எல்லோரும் சேர்ந்து அனுப்புங்கள். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுத முடியாது; தயங்குகிறவர்களும் கூட்டத்தோடு கூட்டமாகத் தப்பு செய்யலாம். பதில்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தால் இன்னும் நல்லது. ஹார்வர்டில் இயற்பியல் ஆசிரியர் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்திலிருந்து வகுப்பறையில் செய்து வந்தது இதுதான்: தனியாக யோசித்து ஓட்டு, பக்கத்து மாணவரோடு வாதம், மறுபடி ஓட்டு. சரியான விடையை உடனே சொல்லாமல் இருப்பதற்குத்தான் வாத்தியாருக்குப் பயிற்சி தேவை. நாக்கு துடிக்கும்.

இன்னொரு விதி வைத்திருக்கிறேன். தயாரித்த பாடத்தை, வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, ஃபோனில், ஒரு நாள் டேட்டாவுக்குள் முடித்துக் காட்ட வேண்டும். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு தினம் 2 ஜி.பி. டேட்டா இலவசமாகக் கொடுத்தது. அதை நம்பி நாங்கள் காணொளிகளைக் குவித்தோம். அண்ணனும் தங்கையும் ஒரே ஃபோனைப் பங்கு போட்டுக்கொண்ட வீடுகளை நினைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு காணொளிக்கும் பக்கத்தில் அதே விஷயத்தின் ஒலிப்பதிவும் ஒரு பக்கக் குறிப்பும் இருந்தாக வேண்டும்.

பணிச்சுமைக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. 72 மாணவர்களின் எழுத்துக்குத் தனித்தனியாகப் பின்னூட்டம் எழுதுங்கள் என்று எந்த மனசாட்சியோடு சொல்வது? பொதுவான மூன்று பிழைகளைப் பற்றி இரண்டு நிமிடக் குரல்பதிவு, வாரத்துக்குப் பத்துப் பேருக்கு மட்டும் தனிக் குறிப்பு என்று ஒப்பேற்றுகிறோம். இணையப் பாடம் தயாரிக்கும் மணிநேரத்தை டைம்டேபிளில் சேர்க்காத நிர்வாகம் பயிற்சி முகாமுக்குப் பொன்னாடை வாங்கித் தருவது வீண் செலவு. இதை ஒரு நிறைவு விழா மேடையில் சொன்னேன். அந்தக் கல்லூரியில் இருந்து பிறகு அழைப்பு வரவில்லை.

பதவி உயர்வுக்குச் சான்றிதழ் தேவைப்படுவதால் வருகிறவர்கள் பாதிப் பேர். அதில் தப்பில்லை, நானும் அப்படிப் போனவன்தான். ஆனால் கடைசி நாளில் சான்றிதழ் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். ஊருக்குப் போய், தன் பாடத்தில் ஒரு வாரத்தை, ஒரே ஒரு வாரத்தை, மாணவர்களோடு நடத்தி, அவர்கள் எழுதியதை எனக்கு அனுப்பிய பிறகுதான் தபாலில் வரும். போன தடவை 30 பேரில் 19 பேர் அனுப்பினார்கள். மிச்சம் 11 சான்றிதழ் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. நேற்று ஒருவர் ஃபோன் செய்தார். "சார், இன்னும் ரெண்டு நாள் டயம் குடுங்க."