வெந்நீர்க் கலனை மாற்ற எத்தனை நாள் ஆகும்?

குளியலறைச் சுவரில் ஆண்டுக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும் கீசர், பெரும்பாலும் குளிர் தொடங்கும் வாரத்தில்தான் பழுதாகிறது. இது தற்செயலன்று. கோடை முழுவதும் ஓய்ந்திருந்த கருவி மீண்டும் நாள்தோறும் இயங்கத் தொடங்கும்போதுதான் அதன் பழைய குறைகள் வெளிப்படுகின்றன. அதே வாரத்தில் அண்டை வீடுகளிலும் அவ்வாறே நிகழ்வதால், கடையில் கூட்டமும் பணியாளருக்குத் தட்டுப்பாடும் ஏற்படுகின்றன. 'மாற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?' என்ற கேள்விக்கு இரண்டு மணி நேரம் என்பதும் விடை. பத்து நாள் என்பதும் விடை. இரண்டும் எவ்வாறு உண்மையாகின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மாற்றத்தான் வேண்டுமா?

முதலில் பழுது எத்தகையது என அறிய வேண்டும். வெப்பச் சுருள், தெர்மோஸ்டாட், மிகைவெப்பம் தடுக்கும் கட்-அவுட், ரப்பர் வளையம் ஆகிய நான்கும் மாற்றத்தக்க உறுப்புகள். உதிரி கையிலிருந்தால் ஒரு மணி நேரத்தில் பணி முடியும். ஆனால், நீர் நிற்கும் உள்கலனே அரித்து ஓட்டை விழுந்துவிட்டால் அதற்குப் பழுதுநீக்கம் இல்லை. கருவியை மாற்றுவதே வழி. வெந்நீரில் துருநிறம் தெரிதல், வெளிக்கூட்டின் அடியிலிருந்து நீர் கசிதல், கீசரைப் போட்டவுடன் மின்கசிவுத் தடுப்பான் விழுதல் ஆகியவை கருதத்தக்க அறிகுறிகள். மூன்றாவது அறிகுறி தோன்றினால், பணியாளர் பார்க்கும் வரை கருவியை இயக்கவே கூடாது.

ஓர் அறிகுறியை மட்டும் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். நீர் சூடாகும்போது பாதுகாப்பு வால்விலிருந்து சில துளிகள் சொட்டுவது உள்கலனின் ஓட்டையால் அன்று. சூடேறிய நீர் விரிவதால் உண்டாகும் அழுத்தத்தை அவ்வால்வு வெளியேற்றுகிறது. சொட்டு நிற்க வேண்டுமென்று அதன் வாயை அடைத்துவிடுவது, கலன் வெடிக்கும் ஆபத்தை நாமே வரவழைப்பதாகும். இடைவிடாது ஒழுகினால் வால்வை மாற்றலாம், அடைக்கக் கூடாது.

இரண்டு மணி நேரக் கணக்கு

பழைய கருவி இருந்த இடத்திலேயே, அதே கொள்ளளவும் அதே அமைப்பும் உடைய புதிய கருவியைப் பொருத்துவதாகக் கொள்வோம். மின்சாரத்தையும் நீரையும் நிறுத்திப் பழைய கலனை வடிக்க அரை மணி நேரம். அதை இறக்கி, சுவரில் துளையிட்டுப் புதியதை மாட்ட அரை மணி முதல் முக்கால் மணி நேரம். வால்வையும் இணைப்புக் குழாய்களையும் பொருத்திக் கசிவு பார்க்க மற்றோர் அரை மணி நேரம்.

அதன்பின் கலனை நிரப்ப வேண்டும். வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, அதில் காற்று நின்று நீர் சீராக வந்த பிறகே மின்சாரம் தர வேண்டும். வெற்றுக் கலனில் மின்சாரம் பாய்ந்தால் புதிய சுருள் சில நிமிடங்களில் எரிந்துபோகும்.

இறுதியாகச் சூடேற்றும் சோதனை. 15 லிட்டர் நீரை 20 பாகை செல்சியசிலிருந்து 60 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 0.7 யூனிட் மின்சாரம் தேவை. 2000 வாட் சுருள் அதை 21 நிமிடங்களில் செய்யும். 25 லிட்டர் எனில் 35 நிமிடங்கள் ஆகும். பணியாளர் புறப்படுமுன் இச்சோதனையை நம் கண்ணெதிரே முடிக்கச் சொல்வது நலம். அனைத்தையும் கூட்டினால் இரண்டு மணி முதல் இரண்டரை மணி நேரம்.

பத்து நாள்கள் எங்கே போகின்றன?

காலதாமதம் பொருத்துவதில் இல்லை. அதற்கு முன்னுள்ள படிகளில்தான் இருக்கிறது.

முதலாவது, இரண்டு வருகைகள். கருவியைக் கொண்டுவந்து இறக்குபவர் வேறு, பொருத்துபவர் வேறு. பெட்டி வந்து, பதிவு செய்து, நிறுவனப் பணியாளர் வருவதற்குள் சில நாள்கள் கழியக்கூடும். 'பொருத்துதல் இலவசம்' என்பதில் இணைப்புக் குழாய், வால்வு முதலியவற்றின் விலை பெரும்பாலும் அடங்காது. அவற்றை முன்பே கேட்டு வாங்கி வைக்காவிட்டால் வந்த பணியாளர் திரும்பிப் போவார். மேலும் ஒரு நாள் வீண்.

இரண்டாவது, மின்கம்பி. 2000 வாட் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். அதற்கு 16 ஆம்பியர் பிளக், தகுந்த தடிமனுள்ள செப்புக் கம்பி, நம்பத்தக்க எர்த் இணைப்பு, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் ஆகியவை வேண்டும். பழைய வீடுகளில் இவை இல்லையெனில் மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி இழுக்க வேண்டும். இது அரை நாள் முதல் ஒரு நாள் வரை பிடிக்கும் பணி.

மூன்றாவது, அமைப்பு மாற்றம். நெடுக்குவாட்டுக் கருவியை நீக்கிவிட்டுக் கிடைவாட்டுக் கருவியை வைத்தால் குழாய் வாய்கள் பொருந்தா. சுவரை வெட்டிக் குழாயை நகர்த்தி, ஓடு பதித்து, பூச்சு உலர்வதற்கு இரண்டு மூன்று நாள்கள் தேவைப்படும். வாங்குமுன் அளவுநாடாவால் அளந்து பார்க்கும் ஐந்து நிமிடம் இந்த நாள்களை மிச்சப்படுத்தும்.

நான்காவது, எரிவாயுக் கீசரிலிருந்து மின்கருவிக்கு மாறுதல். மும்பை, புணே போன்ற நகரங்களின் பழைய அடுக்ககங்களில் எரிவாயுக் கீசர்கள் பல உள்ளன. காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் அவை எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை; குளிப்பவர் அறியாமலே மயங்கி உயிரிழக்க நேரிடும். எனவே இம்மாற்றத்தைக் கால அளவு கருதித் தள்ளிப்போடக் கூடாது. இதில் எரிவாயு இணைப்பை உரியவரைக் கொண்டு மூடுவதும் புதிய மின்கம்பி இழுப்பதும் சேர்வதால், மூன்று நான்கு நாள்களை ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

வாங்குமுன் அறிய வேண்டியவை

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திரக் குறியீடும் இருத்தல் வேண்டும். அந்த நட்சத்திரங்கள், கலனில் நிற்கும் வெந்நீர் 24 மணி நேரத்தில் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதைக் குறிப்பவை. நட்சத்திரம் கூடினால் இழப்புக் குறையும்.

அடுக்ககங்களில் நீரழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். தொட்டி மொட்டைமாடியில் இருக்குமிடத்தில் அழுத்தம் மிகுவது மேல்தளத்தில் அன்று, கீழ்த்தளத்தில்தான். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் என்பது கணக்கு. 20 மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், அழுத்தக் குறைப்பு வால்வு இல்லையெனில், 6 பார் அளவுக்கு இருக்கும். அங்கே 8 பார் தாங்கும் கருவியே ஏற்றது.

உப்புநீர்ப் பகுதிகளில் மற்றொன்று முதன்மையானது. கலனுக்குள் இருக்கும் மக்னீசியத் தண்டு, தான் அரிபட்டு உள்கலனைக் காக்கிறது. அது கரைந்து தீர்ந்த பின் அரிப்பு கலனைப் பற்றும். ஆண்டுக்கொரு முறை அத்தண்டைப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றினால் கலனின் ஆயுள் நீளும்.

அவசரத்தின் விலை

வெந்நீர் இல்லாத பத்து நாள்கள் வெறும் வசதிக்குறைவு எனக் கருதலாகாது. வீட்டில் முதியோரும் கைக்குழந்தையும் இருப்பின், வாளியில் மின்கம்பி ஹீட்டரை இட்டு நீர் சுட வைக்கிறோம். அந்த இடைக்காலத்தில்தான் ஆபத்து மிகுதி. மின்சாரத்தை நிறுத்தாமல் நீரின் சூட்டைக் கைவிட்டுப் பார்ப்பது உயிருக்கே உலை வைக்கும். அவ்வாறு செய்ய நேர்ந்தால் பிளாஸ்டிக் வாளியையே பயன்படுத்துக. பிளக்கைப் பிடுங்கிய பின்னரே நீரைத் தொடுக. சிறுவரை அருகில் விடற்க. எரிவாயு அடுப்பில் நீர் காய்ச்சிக்கொள்வது இதனினும் பாதுகாப்பானது.

பணத்திலும் அவசரத்துக்கு விலை உண்டு. 'வட்டியில்லாத் தவணை' எனும் அறிவிப்பைக் கண்டு உடனே ஒப்புக்கொள்கிறோம். உண்மையில் வட்டியில்லாக் கடன் என ஒன்றில்லை. இத்தகைய சுழிய வட்டித் திட்டங்களை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே ஏற்க மறுத்தது. இன்று கடன் அட்டைத் தவணையில் பெரும்பாலும் நடப்பது, வட்டிக்கு ஈடான தொகையை விற்பனையாளர் விலையில் தள்ளுபடி செய்வதே. எனினும் அவ்வட்டியின் மீதான 18 விழுக்காடு வரியும் செயலாக்கக் கட்டணமும் நம் கணக்கில் சேரும். கட்டணம் 199 ரூபாய் எனில் வரியுடன் 235 ரூபாய். முழுப் பணம் செலுத்தினால் கிடைக்கும் விலையையும் கேட்டறிந்து ஒப்பிடுவதே முறை.

வணிகக் கணக்கியலில் இதற்கு எளிய வழி உண்டு. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஆயுளைக் கணித்து, ஆண்டுதோறும் அதன் தேய்மானத்துக்கு ஒரு தொகையை ஒதுக்குவர். குடும்பத்துக்கும் அது பொருந்தும். 12,000 ரூபாய்க் கருவி 8 ஆண்டு உழைக்கும் எனக் கொண்டால், மாதம் 125 ரூபாய். பொருத்திய மாதத்திலேயே அத்தொகைக்குத் தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினால், கருவி ஓயும்போது பணம் ஆயத்தமாக இருக்கும். விலையேற்றத்தின் ஒரு பகுதியை வட்டி ஈடுசெய்யும்.

நினைவிற் கொள்ள

குளிர்காலத்துக்கு இரண்டு மாதம் முன்பே கருவியைச் சோதித்துப் பார்க்கவும். வாங்கிய ரசீதையும் உத்தரவாத அட்டையையும் ஓரிடத்தில் வைக்கவும். உள்கலனுக்கும் முழுக் கருவிக்கும் உத்தரவாதக் காலம் வெவ்வேறாக இருப்பதைக் கவனிக்கவும். மின்கம்பி, எர்த், சுவரின் இடம் ஆகியவற்றைச் சரிபார்த்த பின்னரே கருவியைத் தேர்ந்தெடுக்கவும். வாடகை வீடெனில் உரிமையாளரின் ஒப்புதலை முதலில் பெறவும். இவை முடிந்திருந்தால் வெந்நீர்க் கலனை மாற்றுவது ஒரு முற்பகல் வேலையே.