பொங்கலுக்குத் திறக்கும் பழைய வீடு: எதைக் கட்டுவது, எதை எடுத்து வைப்பது?

காரைக்குடிப் பக்கத்து ஊர்களில் போகிக்கு முந்தின நாள் சாவிக்கொத்தோடு வந்து இறங்குகிறவர்கள் அதிகம். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடு, நான்கு நாள் திறக்கும். ஒட்டடை அடித்து, உள்முற்றமான வளவைக் கழுவி, சாமி வீட்டில் விளக்கேற்றியதும் பேச்சு அலங்காரத்துக்கு வந்துவிடும். முகப்பில் என்ன கட்டலாம்? உள்ளே இருக்கிற பழைய சாமான்களில் எதை வெளியே எடுக்கலாம்?

அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். எத்தனை நாள் வீட்டில் இருக்கப்போகிறீர்கள்? உங்கள் சுவரும் தரையும் எதைத் தாங்கும்? இவற்றுக்கு விடை தெரிந்தால் பாதித் தேர்வு தானாக முடிந்துவிடும்.

தோரணத்துக்கு மாவிலையா, தென்னங்குருத்தா என்று கேட்டால், நான்கு நாள் தங்குகிறவர்களுக்கு நான் மாவிலைதான் சொல்வேன். செப்பு நிறத் தளிர் பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் மறுநாளே சுருண்டு தொங்கும். முற்றிய கரும்பச்சை இலையைக் காம்போடு பறித்துக் கட்டினால் மாட்டுப் பொங்கல் வரை முகம் சுளிக்காமல் இருக்கும். காய்ந்தாலும் இலை உதிராது, நிறம்தான் மங்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தை மாதம் மா பூக்கிற காலம். கொப்பை ஒடித்தால் பூவோடு போய்விடும், சித்திரையில் காய் இருக்காது. இலை இலையாகப் பறியுங்கள்.

குருத்தோலையின் இளமஞ்சள் நிறத்துக்கு ஈடு கிடையாது. கருத்த தேக்கு நிலையின் மேல் அது தொங்கும்போது வாசலே வெளிச்சமாகிவிடும். ஆனால் அதற்கு மடிக்கத் தெரிந்த கை வேண்டும். மங்கலத்துக்கு ஒரு மடிப்பு, துக்கத்துக்கு ஒரு மடிப்பு என்று வேறுபாடு உண்டு. படம் பார்த்துக் கட்டாமல் ஊரில் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டுக் கட்டுங்கள். மடித்ததை ஈரத்துணியில் சுற்றி வைத்து, பொங்கலன்று விடியற்காலையில் ஏற்ற வேண்டும். வெயில் படுகிற முகப்பில் இரண்டே நாளில் வெளுத்துப் பழுப்பேறும். ஆகவே ஒரு நாள் விசேஷத்துக்குக் குருத்தோலை, நான்கு நாள் பண்டிகைக்கு மாவிலை. கூந்தப்பனை கல்யாணப் பந்தலுக்கு ஏற்றது, வீட்டு நிலைக்குப் பாரம். பிளாஸ்டிக் தோரணம் வேண்டவே வேண்டாம். பூட்டிய வீட்டில் அது வருஷம் முழுக்கத் தூசியைத்தான் சேர்க்கும்.

வாழை மரம் கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் பட்டிருக்கிறோம். ஒரு வருஷம், வெட்டிய கையோடு இரண்டு வாழையைக் கொண்டுவந்து திண்ணைத் தூணோடு இறுக்கிக் கட்டினோம். குலை, பூ, இலை எல்லாமாகப் பார்க்க நிறைவாக இருந்தது. நான்காம் நாள் அவிழ்த்தபோது தூணின் கால்மாட்டில் கரும்பழுப்பாக ஒரு தாரை இறங்கியிருந்தது. வாழைக்கறை. தேய்த்தோம், எண்ணெய் பூசினோம். இன்றும் அந்தத் தாரை அங்கேதான் இருக்கிறது. வேட்டியில் பட்டாலே போகாத கறை மரத்தில் மட்டும் போய்விடுமா? இப்போதெல்லாம் ஒரு நாள் முன்னதாகவே வெட்டி, அடியைக் கீழே பார்க்கச் சாய்த்து வைத்து நீரை வடியவிடுகிறோம். பிறகு மணல் நிரப்பிய வாளியில் நட்டு, தூணிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துகிறோம். இதற்கு இடமில்லாத வீட்டில் கரும்பு மேல். கறை விடாது, வெட்டுவாயில் எறும்பு ஏறும், அவ்வளவுதான். அடியில் தண்ணீர்த் தட்டு வைத்தால் அதுவும் நிற்கும்.

அடுத்தது சுவரும் தரையும். செட்டிநாட்டுச் சுவரின் பளபளப்பு பெயின்ட்டால் வந்ததல்ல. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்ச் சாறும் சேர்த்து, பல பூச்சுப் பூசி, கையால் தேய்த்து ஏற்றியது. அதில் செல்லோடேப் ஒட்டி உரித்தால் மேல்பூச்சும் சேர்ந்து வரும். ஆணி அடித்தால் சில்லுப் பெயரும். அதைத் திரும்பப் பூசத் தெரிந்தவர்கள் இன்று மிகச் சிலர். புதிதாக எதையும் அடிக்காதீர்கள். பல பழைய நிலைகளின் தலைப்பில் தோரணம் கட்டவே கொக்கி வைத்திருப்பார்கள். இல்லையென்றால் இரண்டு தூணுக்கும் இடையில் சணல் கயிறு இழுத்துக் கட்டுங்கள்.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான். அது சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் சாயம் கலந்த சிமென்டை அச்சில் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுப்பது. புளிப்பு பட்டால் சிமென்ட் அரிக்கும், மினுமினுப்புப் போய்விடும். பித்தளைக்குப் புளி தேய்ப்பதை வளவில் வைத்துச் செய்யாமல் கிணற்றடிக்குக் கொண்டுபோங்கள். கோலத்திலும் இதே கவனம் வேண்டும். நடுவீட்டுக் கோலத்துக்கு அரைத்த பச்சரிசி மாவு போதும், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். கல்மாவு தரையைக் கீறும், காவி உள்ளே இறங்கிவிடும். அவை இரண்டும் வாசலோடு நிற்கட்டும்.

இனிச் சாமான்கள். வீட்டில் இருப்பதை எடுப்பதா, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் போய் வாங்குவதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் கட்டில் பரணையும் பெட்டியையும் பார்த்துவிட்டுத் தெருவுக்குப் போங்கள் என்பேன். அடுக்கு, தவலை, கங்காளம், மரவை, கூஜா, பனையோலைக் கொட்டான் என்று மறந்துபோனது எவ்வளவோ கிடைக்கும். விளிம்பில் உங்கள் வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். நான்கு எழுத்துதான், ஆனால் முப்பாட்டன் பெயரின் முதலெழுத்து அதில் இருக்கிறது. பிள்ளைகளின் விரலைப் பிடித்து அதில் தடவிக் காட்டுங்கள். பொதுச் சாமான் என்றால் பங்காளிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

வாங்குவதென்றால் பாத்திரம், விளக்கு, படம் என்று கைக்கு அடங்குவதாக வாங்குங்கள். தூணும் நிலைக்கதவும் விலைக்கு வருகிறதென்றால், எங்கோ ஒரு வீடு இடிந்திருக்கிறது. அதை வாங்க ஆள் இருக்கும்வரை இன்னொரு வீடும் இடியும். என் மனம் இதற்கு ஒப்புவதில்லை. பழைய சாமி சிலையை என்ன விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிலை தொல்பொருள். அதை விற்க உரிமம் வேண்டும், வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், அது எந்தக் கோவிலில் பூசையில் இருந்ததோ நமக்குத் தெரியாது.

பித்தளையா, வெண்கலமா? நிற்க வைத்துப் பார்க்கப் பித்தளை. புளி போட்டு விளக்கினால் பொன்போல மஞ்சளாக ஜொலிக்கும், முகப்பில் இரண்டு குத்துவிளக்கே போதும். பொங்கல் வைக்க வெண்கலம். செம்பும் வெள்ளீயமும் கலந்தது, விரலால் சுண்டினால் ஓசை நீண்டு ஒலிக்கும். பித்தளையின் ஓசை சீக்கிரம் அடங்கிவிடும். பித்தளையில் சமைப்பதானால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். வெள்ளீயம்தானா என்று கேட்டுப் பூசச் சொல்லுங்கள், காரீயம் விஷம். பழசு என்று சொல்லி விற்பதில் புதுசும் கலந்திருக்கும். அமிலத்தில் முக்கிக் கருக்க வைத்தால் எல்லா இடமும் ஒரே கருப்பாக இருக்கும். நிஜமாகவே புழங்கிய பாத்திரம் கைப்பிடியிலும் அடிவிளிம்பிலும் தேய்ந்திருக்கும், மற்ற இடம் அப்படியே இருக்கும்.

சுவீடனிலிருந்து வந்த எனாமல் அடுக்குகள் பல வீட்டில் உண்டு. சில்லுப் போனதில் துரு ஏறும், பழைய நிறப்பூச்சில் காரீயம் கலந்திருக்கவும் கூடும். ஆகவே அதில் சமைக்காமல் சாமந்திப் பூவைக் குவித்து வையுங்கள். அந்த எனாமல் நீலத்துக்கும் பூவின் மஞ்சளுக்கும் அவ்வளவு பொருத்தம். ரவிவர்மா படம் வாங்கினால் பூதக்கண்ணாடியோடு போங்கள். அவர் 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் கல்லச்சு முறையில் அடித்தது. நிறம் ஒழுங்கில்லாத மணல்போலத் தெரியும். வரிசை வரிசையாகப் புள்ளி தெரிந்தால் அது பின்னால் வந்த ஆஃப்செட் அச்சு. வீட்டுக்கு அழகுதான், ஆனால் பழசின் விலை கொடுக்க வேண்டியதில்லை.

எடுத்த சாமானை வரிசையாக அடுக்கிக் காட்சி வைப்பதைவிட வேலைக்கு வைப்பது மேல். உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுகிறார்கள். நான் அதில் சர்க்கரைப் பொங்கல் கிண்டுவேன். கொட்டானில் வெற்றிலை, மரவையில் கட்டித்தயிர், கங்காளத்தில் பிள்ளைகள் கை கழுவத் தண்ணீர். மஞ்சள் கொத்து பானைக் கழுத்தில் இருக்கட்டும், சுவரில் சாய்க்காதீர்கள், சுண்ணாம்பில் சிவந்து பிடித்துவிடும்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் கொங்கு நாட்டுக்காரர்களிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்கே போகியன்று பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் கொத்தாக்கிக் காப்புக் கட்டுவார்கள். வீட்டு இறவாணம், மாட்டுக் கொட்டகை, கிணற்றுமேடு, வயல் வரை அது போகும். பூளைப்பூவைச் சிறுபீளை, கண்ணுப்பீளை என்றும் சொல்வார்கள். தரிசில் தானாக முளைப்பது, காசு கொடுக்க வேண்டியதில்லை. காய்ந்தாலும் அந்த வெள்ளைப் பஞ்சுக் கதிர் உதிராது.

காணும் பொங்கல் மாலையில் மாவிலை, வாழை, கரும்பு எல்லாவற்றையும் இறக்கி மாட்டுக்கோ எருக்குழிக்கோ போட்டுவிடுங்கள்; பூட்டிய வீட்டில் காய்ந்த சருகு இருக்கக்கூடாது, கரையானுக்கும் நெருப்புக்கும் அது இடம் கொடுக்கும். பாத்திரங்களை ஈரமில்லாமல் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். வெளி இறவாணத்தில் கட்டிய காப்பை மட்டும் அவிழ்க்க வேண்டாம். அடுத்த போகி வரை அது இருக்கும்.