எந்தத் திரைக்கும் ஒரே பக்கம்

கேள்வி: மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை நடத்துகிறேன். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் சிலைகளுக்கு ஆர்டர் வருவதால் இணையதளம் தொடங்க நினைக்கிறேன். ஒரு டிசைனர் ‘ரெஸ்பான்சிவ் போதும்’ என்கிறார். இன்னொருவர் ‘போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாக, அடாப்டிவ் முறையில் செய்தால்தான் வேகமாகத் திறக்கும்’ என்று கூடுதல் தொகை கேட்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– சிற்பி ஒருவர், மாமல்லபுரம்

பதில்: உங்களுக்கு ரெஸ்பான்சிவ்தான் சரி. ஆனால் இரண்டாமவர் சொல்லும் வேகத்தையும் விட்டுவிடாதீர்கள். அதைப் பெற வேறு வழி இருக்கிறது.

அடாப்டிவ் முறையில் 320, 768, 1024 பிக்சல் என்று சில அகலங்களை முன்கூட்டியே முடிவுசெய்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பைத் தயாரித்து வைப்பார்கள். வருகிறவரின் திரைக்கு எது பொருந்துமோ அது காட்டப்படும். ரெஸ்பான்சிவ் முறையில் அமைப்பு ஒன்றுதான். கிடைக்கிற அகலத்துக்கு ஏற்ப அது விரியும், சுருங்கும். அளவு பார்த்து வாங்கும் ரெடிமேட் பேன்ட் முதல் வகை. எந்த இடுப்புக்கும் கட்டிக்கொள்ளும் வேட்டி இரண்டாம் வகை. 2010 மே மாதம் ஈதன் மார்காட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் எழுதிய கட்டுரையில்தான் ரெஸ்பான்சிவ் முறை தெளிவான உருவம் பெற்றது. விகிதத்தில் அளக்கும் கட்டங்கள், இடத்துக்கேற்பச் சுருங்கும் படங்கள், திரையின் அகலத்தைப் பார்த்து விதிகளை மாற்றும் மீடியா குவெரி ஆகிய மூன்றும் அதன் அடிப்படை.

சின்ன போன், மடக்கும் போன், டேப்லெட், டிவி என்று திரைகள் பெருகிக்கொண்டே போகின்றன. எல்லா அளவையும் எண்ணி முடிக்க யாராலும் முடியாது. அதோடு நம் மொழியின் தேவையும் இருக்கிறது. பெரும்பாலான டெம்ப்ளேட்டுகள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஆங்கிலத்தின் ஒரு குட்டிச் சொல்லுக்காக அகலம் நிர்ணயித்த பொத்தானில் ‘தொடர்புகொள்ளுங்கள்’ அடங்காது. பார்வை மங்கியவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அப்போது இன்னும் மோசமாக வெட்டுப்படும். பெட்டி எழுத்துக்கேற்ப வளர வேண்டும்.

உங்கள் தளத்தில் அதிகக் கவனம் கேட்கப்போவது சிலைப் பட்டியல். பெயர், கல், உயரம், எடை, விலை, செய்து முடிக்க ஆகும் காலம் என்று ஆறு பத்தி கொண்ட அட்டவணை, 360 பிக்சல் அகலமுள்ள போன் திரையில் நிற்காது. போனில் ஒவ்வொரு சிலையும் தனி அட்டையாகவும், கம்ப்யூட்டரில் முழு அட்டவணையாகவும் தெரியும்படி செய்யச் சொல்லுங்கள். இதற்கு இரண்டு தளம் வேண்டாம், மீடியா குவெரியே போதும்.

இனி வேகம். உங்களுடையதைப் போன்ற தளத்தைத் தாமதப்படுத்துவது பெரும்பாலும் படங்கள்தான். கேமரா தரும் 4000 பிக்சல் படத்தை அப்படியே ஏற்றினால், அதில் நாலில் ஒரு பங்கு அகலமே தேவைப்படும் போனும் முழுப் படத்தையும் இறக்க வேண்டியிருக்கும். ஒரே படத்தை மூன்று நான்கு அளவுகளில் வைத்துவிட்டால், எஸ்.ஆர்.சி.செட் என்ற வசதி மூலம் பிரவுசரே தனக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளும். உளி வேலையின் நுணுக்கம் காட்டும் பெரிய படம், தொட்டால் மட்டும் திறக்கட்டும். அடாப்டிவ் முறையின் நல்ல பலன் இப்படி ரெஸ்பான்சிவ் தளத்துக்குள்ளேயே கிடைத்துவிடும்.

கேள்வி: கோவளத்தில் சிறிய தங்கும் விடுதி வைத்திருக்கிறோம். பழைய இணையதளம் போனில் பொடி எழுத்தாகத் தெரிகிறது. முழுவதும் மாற்ற இப்போது பணமில்லை. என்ன செய்வது?
– வாசகி, கோவளம்

பதில்: அடாப்டிவ் முறைக்கு நியாயம் உள்ள இடம் இது. அறைகள், வாடகை, வழி, தொலைபேசி எண் ஆகிய பக்கங்களுக்கு மட்டும் போன் வடிவம் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். ஈ.சி.ஆரில் வந்துகொண்டிருப்பவர் தேடுவது இவற்றைத்தான்.

இரண்டு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். போன் வடிவத்தில் தகவலைக் குறைக்காதீர்கள். தேடலுக்குப் போனில் தெரியும் பக்கத்தையே முதன்மையாகக் கணக்கில் எடுப்போம் என்று கூகுள் 2016-இல் அறிவித்து, படிப்படியாக அப்படியே மாறிவிட்டது. வாடகை விவரத்தை ஓரிடத்தில் மட்டும் வைத்து, இரண்டு வடிவமும் அங்கிருந்தே எடுக்கும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒன்றில் விலையை மாற்றிவிட்டு மற்றொன்றில் மறந்துபோவோம்; விருந்தினரின் நம்பிக்கை போய்விடும். கைக்குப் பணம் வரும்போது ஒரே ரெஸ்பான்சிவ் தளமாக மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வெப் டிசைன் படிக்கிறேன். ஒரு தளம் உண்மையிலேயே ரெஸ்பான்சிவா என்று எப்படிச் சோதிப்பது?
– மாணவி, செங்கல்பட்டு

பதில்: உங்கள் மாவட்டத் தளத்திலிருந்தே தொடங்குங்கள். 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உருவான செங்கல்பட்டு மாவட்டத்தின் இணையதளம், தேசிய தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் என்ற பொதுத் தளத்தில் இயங்குகிறது. கம்ப்யூட்டரில் திறந்து, ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து மெல்ல மெல்லக் குறுக்குங்கள். பத்திகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்குவதையும், மெனு எப்போது மடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். அடாப்டிவ் தளமாக இருந்தால் இடையில் அசையாமல் நின்று, குறிப்பிட்ட அகலத்தில் சட்டென்று வேறு அமைப்புக்குத் தாவும். சில தளங்கள் கருவியை மாற்றினால்தான் மாறும்.

அடுத்து, 1280 பிக்சல் அகல ஜன்னலில் பிரவுசரின் ஜூமை 400 சதவீதமாக்குங்கள். அப்போது பக்கத்துக்குக் கிடைப்பது 320 பிக்சல்தான். அந்த அகலத்திலும் இடவலமாகத் தள்ளாமல் படிக்க முடிய வேண்டும் என்பது 2018-இல் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 அணுகல் விதிகளில் ஒன்று. கண் பார்வை குறைந்தவருக்காக வகுத்த விதி, வெயிலில் சின்ன போனைப் பார்ப்பவருக்கும் உதவுகிறது. நீங்கள் செய்யும் பயிற்சிப் பக்கங்களையும் தமிழ் எழுத்தை வைத்தே 320 பிக்சலில் தொடங்கி, அங்கே சரியான பிறகு அகலப்படுத்துங்கள். மிக நெருக்கடியான இடத்தில் படிக்க முடிகிற பக்கத்தை, இடம் கிடைக்கும்போது அழகாக்குவது எளிது.