விளையாட்டுக் கருவியில் வேலைக்கு உதவுவன எவை?

சரக்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டு அதன் பயனை முடிவு செய்வது வர்த்தகருக்கு அழகன்று. உள்ளே இருப்பது என்ன, அஃது எவ்வேலைக்கு ஆகும், எத்தனை நாளைக்கு ஆகும் என்று விசாரித்தறிந்த பின்னரே விலை பேசுவது நம் பெரியோர் பழக்கிய முறை. ஆனால் உள்ளங்கையில் அடங்கும் மின்விளையாட்டுக் கருவி ஒன்று கடைக்கு வருமாயின், பலர் இம்முறையை மறந்துவிடுகின்றனர். "பிள்ளைகள் பொழுதுபோக்கும் பொருள்தானே" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவோர் ஒரு சாரார். விற்றுவிடும் ஆவலில், "இதிலே எல்லா வேலையும் செய்யலாம்" என்று அளவு மீறிப் புகழ்வோர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா.

உண்மை யாதெனில், இக்கருவிகளில் விளையாட்டல்லாத செயலிகளும் நெடுங்காலமாக உண்டு. அவற்றுள் சில மிக்க உபயோகமானவை. சில பெயரளவுக்கு மட்டுமே உதவுபவை. இன்னும் சில, ஒரு காலத்தில் உதவிப் பின்னர் நின்றுபோனவை. இம்மூன்றையும் பிரித்தறியும் வகையை, ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோவின் கைக்கருவிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குவோம்.

கேம் பாய் காலம்

"கேம் பாய்" எனும் கைக்கருவி 1989-ஆம் ஆண்டு வெளிவந்தது. சாம்பல் நிறக் கூடு, பச்சை சாயலுடைய சிறு திரை, நான்கு பாட்டரிகள், அவ்வளவே. இருப்பினும் அதனை அலுவலுக்குப் பயன்படுத்தலாம் என்று எண்ணியவர்கள் உடனேயே தோன்றினர். 1991-இல் கேம்டெக் என்ற அமெரிக்க நிறுவனம் "இன்போஜீனியஸ்" என்ற வரிசையில் கேசட்டுகளை வெளியிட்டது. ஒன்று நாட்குறிப்பும் தொலைபேசிப் புத்தகமும். மற்றொன்று ஆங்கில எழுத்துப்பிழை பார்ப்பதும் கணக்குப் போடுவதும். வேறு சில பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில் பயணிக்கு வேண்டிய சொற்றொடர்களைத் தருவன.

குறை எங்கே இருந்தது? எழுத்துப் பலகை இல்லை. ஒரு பெயரை எழுத வேண்டுமானால் அம்புப் பொத்தானை அழுத்தி அழுத்தி ஒவ்வோர் எழுத்தாகத் தேட வேண்டும். வாடிக்கைக்காரர் எதிரே நிற்கும்போது எந்தக் கடைக்காரர் இவ்வாறு தேடிக்கொண்டிருப்பார்? இக்குறையைத் தீர்க்கவே 1992-இல் "ஒர்க்பாய்" என்ற எழுத்துப் பலகையைப் பொருட்காட்சியில் காட்டினர். அதனைக் கேம் பாயுடன் கம்பியால் இணைத்தால் விலாசப் புத்தகம், நாட்குறிப்பு, கணக்கு, நாணயமாற்று முதலியன கிடைக்கும் என்றனர். நாணயமாற்றுத் தொழிலில் உள்ள நம் அன்பர்களின் கண்ணில் அன்று அது பட்டிருந்தால் ஒரு தடவை கையிலெடுத்துப் பார்த்திருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது கடைக்கு வரவேயில்லை. கேம் பாயின் விலை குறையவிருந்தபடியால், துணைக்கருவியின் விலை முதற்கருவியின் விலையையே மிஞ்சிவிடும் என்ற நிலை வந்ததே காரணம் என்று பின்னாளில் தெரியவந்தது. ஒர்க்பாயின் மாதிரி ஒன்று 2020-இல்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

இதனினும் வியப்பானது தையல் இயந்திரத்தின் கதை. 2000-ஆம் ஆண்டையொட்டி ஜப்பானில் ஜாகுவார் என்ற தையல் இயந்திர நிறுவனமும், பின்னர் மேல்நாட்டில் சிங்கர் நிறுவனமும் கேம் பாயுடன் இணைந்து இயங்கும் தையல் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தன. சிங்கரின் இயந்திரத்திற்கு "ஐசெக்" என்று பெயர். தையல் வகையையும், பொத்தான் துவார அளவையும், துணியில் தைக்க வேண்டிய எழுத்துக்களையும் கேம் பாய் திரையில் தேர்ந்தெடுத்தால், கம்பி வழியே அந்த உத்தரவு இயந்திரத்துக்குப் போகும். இங்கே கேம் பாய் விளையாட்டுப் பொருளே அன்று. இயந்திரத்தின் திரையும் பொத்தானுமாக நின்று உழைத்தது. முழு உபயோகம் என்பது இதுதான்: ஒரே வேலை, அவ்வேலை நிறைவாக முடிந்தது.

இரு திரைக் கருவி

2004-இன் இறுதியில் வந்த "நின்டெண்டோ டி.எஸ்." இந்நிலையை வெகுவாக மாற்றியது. அதற்கு இரண்டு திரை. கீழ்த்திரை தொடுதிரை, சிறு எழுதுகோலால் அதில் எழுதலாம். ஒலிவாங்கியும் கம்பியில்லாத் தொடர்பும் உண்டு. எழுத்துப் பலகை இல்லாத குறையை எழுதுகோல் பாதியளவு தீர்த்தது. இவ்வினத்துக் கருவிகள் உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்றன. ஆகவே விளையாட்டில் நாட்டமில்லாதவர்களுக்கும் உதவக்கூடிய சில்லட்டைகள் பல வெளிவந்தன.

அவற்றுள் மூன்றைச் சொல்வோம்.

முதலாவது அகராதி. ஜப்பானில் 2006-இல் வந்த ஓர் அகராதிச் சில்லட்டையில், படிக்கத் தெரியாத சீன எழுத்தைக் கண்டால் அதனைக் கண்டபடியே திரையில் வரைந்தால் போதும். உச்சரிப்பும் பொருளும் வந்து நிற்கும். ஓசை தெரியாத எழுத்தை அச்சிட்ட அகராதியில் தேடுவது எவ்வளவு சிரமம் என்பதை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர்.

இரண்டாவது சமையல் வழிகாட்டி. 2008-இல் ஆங்கிலத்தில் வந்த இதில் 245 வகைச் சமையல் குறிப்புகள் இருந்தன. எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்று சொன்னால் அளவுகளை அதுவே கூட்டிக் குறைத்துத் தரும். வாங்க வேண்டிய சாமான்களுக்குச் சிட்டை எழுதித் தரும். ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லும். மாவுக் கையுடன் நிற்பவர் கருவியைத் தொடாமல் குரல் கொடுத்தே அடுத்த படிக்குப் போகலாம்.

மூன்றாவது நூற்றொகுப்பு. 2008-இன் இறுதியில் பிரிட்டனில் வெளியான ஒரே சில்லட்டையில் நூறு பழைய ஆங்கில இலக்கியங்கள் அடங்கியிருந்தன.

இவை போலவே "ஓப்பரா" என்ற இணைய உலாவியையும் டி.எஸ்.ஸுக்கென 2006-இல் விற்றனர். கருவியின் நினைவகம் நான்கு மெகாபைட் மட்டுமே, அது போதாது. ஆகையால் கூடுதல் நினைவகத்தைப் பழைய கேசட் சொருகும் துவாரத்தில் பொருத்த வேண்டியதாயிற்று. இதை வர்த்தகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் துவாரம் முதல் டி.எஸ்.ஸிலும் டி.எஸ். லைட்டிலும் மட்டுமே உண்டு. 2008-இல் வந்த டி.எஸ்.ஐ.யில் எடுத்துவிட்டனர். நீரிழிவு நோயுள்ள பிள்ளைகளுக்காக 2009-இல் பேயர் நிறுவனம் கொண்டுவந்த "டிட்ஜெட்" என்ற இரத்தச் சர்க்கரை அளவியும் அத்துவாரத்தில் சொருகுவதே. கருவியின் பெயர் ஒன்று போலிருந்தும், ஒன்றில் ஓடுவது மற்றொன்றில் ஓடாது.

கடைக்கும் காட்சிசாலைக்கும்

பெரிய ஸ்தாபனங்களும் இக்கருவியை வேலைக்கு அமர்த்தின. ஜப்பானிய மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 2010-இல் தன் பகுதிநேரச் சிப்பந்திகளைப் பழக்குவதற்கு டி.எஸ்.ஐ. கருவியில் ஓடும் பாடத்தைப் பயன்படுத்தியது. அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பந்தாட்ட அரங்கில் 2007-இல், இருக்கையைவிட்டு எழாமலே டி.எஸ்.ஸின் மூலம் சிற்றுண்டிக்குச் சொல்லியனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டது. பாரிஸ் நகரின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் 2012 முதல் பல ஆண்டுகள், பார்வையாளருக்கு வழிசொல்லும் கருவியாக "3டி.எஸ்." வழங்கப்பட்டது.

இம்மூன்று இடங்களிலும் ஒரு பொது அம்சம் உண்டு. புதுச் சிப்பந்தியைப் பழக்க வேண்டும், கூட்டத்தில் உணவு வழங்க வேண்டும், வந்தவருக்கு விளக்கம் சொல்ல வேண்டும் எனக் குறிப்பிட்ட வேலை ஒன்று இருந்தது. அதற்கே கருவியைப் பயன்படுத்தினர். உணவுக்கடை நடத்தும் அன்பர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

தூரத்துக் கடை மூடினால்?

இனிச் சொல்வதே இப்பாடத்தின் முக்கியப் பகுதி.

டி.எஸ்.ஐ. வந்த பின், செயலிகளைச் சில்லட்டையாக வாங்காமல் நின்டெண்டோவின் இணையக் கடையிலிருந்து நேரே கருவிக்குள் இறக்கிக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. கணிப்பான், கடிகாரம் போன்ற சிறு உபயோகங்கள் குறைந்த விலைக்கு அங்கே கிடைத்தன. வசதிதான். ஆனால் அந்தக் கடை 2017 மார்ச் 31-இல் மூடப்பட்டது. அடுத்து வந்த 3டி.எஸ்.ஸுக்குரிய கடையில் 2023 மார்ச் 27-உடன் புது விற்பனை நின்றது. முன்பே வாங்கியதை மீண்டும் இறக்கிக்கொள்ளும் வசதியை மட்டும் விட்டுவைத்தனர். 2024 ஏப்ரலில் 3டி.எஸ்.ஸின் இணையச் சேவைகளில் பெரும்பாலானவையும் நின்றன.

விளைவு யாது? 2006-இல் வாங்கிய அகராதிச் சில்லட்டை நல்ல நிலையில் இருந்தால் இன்றும் ஓடும். கை மாற்றி விற்கலாம். தகப்பனார் வாங்கியதை மகன் உபயோகிக்கலாம். இணையக் கடையில் மட்டுமே விற்ற கணிப்பானை இன்று ஒருவர் விலை கொடுத்து வாங்க வழியில்லை. சரக்கு கைக்கு வந்த வியாபாரத்துக்கும், பிறர் அனுமதியின் பேரில் நடக்கும் வியாபாரத்துக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

சில்லட்டையே நிரந்தரம் என்றும் எண்ணிவிடலாகாது. பழைய கேம் பாய் கேசட்டுகள் பலவற்றில், நாம் எழுதியதைக் காத்துவைப்பது உள்ளே இருக்கும் காசு வடிவப் பாட்டரிதான். அது தீர்ந்தால் எழுதியதெல்லாம் அழிந்துபோம். ஆகவே கடன் பேரேட்டையும் வாடிக்கைக்காரர் விலாசங்களையும் இத்தகைய கருவி ஒன்றையே நம்பி வைத்துவிடுவது ஆகாது. வரவு செலவு வேறோர் இடத்திலும் பதிவாகியிருத்தல் அவசியம்.

பத்து வெள்ளிக் கணிப்பான்

2017-இல் வந்த "ஸ்விட்ச்" கருவிக்கும் விளையாட்டல்லாத செயலிகள் உண்டு. 2018-இல் கோர்க் நிறுவனத்தின் இசையமைப்புச் செயலியும் யூடியூபும் வந்தன. 2019-இல் நிரல் எழுதப் பழக்கும் "பியூஸ்" வந்தது. இசை பயிலும் இளைஞருக்கும், கணினி நிரல் கற்கும் மாணவருக்கும் இவை மெய்யான உதவி. ஆனால் 2021-இல் அதே கருவிக்கு ஒரு கணிப்பானை ஏறக்குறையப் பத்து அமெரிக்க வெள்ளிக்கு விற்றபோது பலரும் சிரித்தனர். கைத்தொலைபேசியில் இனாமாக இருப்பதற்கு யார் பத்து வெள்ளி கொடுப்பார்? ட்விட்ச் என்ற காணொளிச் செயலியோ 2021-இல் வந்து 2024 ஜனவரியுடன் நின்றுவிட்டது.

முன்னாளில் கைக்கருவி செய்த சிறு வேலைகளை எல்லாம் இன்று கைத்தொலைபேசி எடுத்துக்கொண்டது. அதனால் ஸ்விட்சில் எஞ்சுவது, பெரிய திரையும் பொத்தான்களும் மெய்யாகவே வேண்டியிருக்கும் வேலைகளே.

விலக்க வேண்டிய சரக்கு

டி.எஸ்.ஸுக்கென ஆர்வலர்கள் தாமே எழுதி இனாமாக வழங்கிய செயலிகளும் உண்டு. "டி.எஸ். ஆர்கனைஸ்" என்பது அவற்றுள் ஒன்று. நாட்காட்டி, விலாசப் புத்தகம், குறிப்பேடு எல்லாம் அதில் அடங்கின. செயலியில் குறையில்லை. அதனை ஓட்டுவதற்குப் பலர் வாங்கிய "ஆர்4" போன்ற அட்டைகளே பிரச்சினை. திருட்டுப் பிரதியாக்கிய விளையாட்டுகளை ஓட்டவும் அவை பயன்பட்டன. 2009-இல் டோக்கியோ நீதிமன்றம் அவற்றின் விற்பனையைத் தடுத்தது. 2010-இல் இங்கிலாந்து உயர்நீதிமன்றமும் அவற்றை இறக்குமதி செய்வதும் விற்பதும் சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்தது. "நல்ல வேலைக்கும் உதவுகிறதே" என்ற சமாதானம் கடையின் நற்பெயரைக் காப்பாற்றாது. இலாபம் கண்ணுக்குத் தெரிந்தாலும் இச்சரக்கைத் தொடாதிருப்பதே நன்று.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

வாங்கும்போதும் விற்கும்போதும் பின்வருவனவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

1. இது முடிக்கும் வேலை எது? ஒரே வாக்கியத்தில் சொல்ல இயலாவிட்டால் வேலை இல்லை என்றே கொள்க.

2. கையிலிருக்கும் கைத்தொலைபேசி இவ்வேலையை இதைவிட எளிதாகச் செய்யாதா?

3. செயலி சில்லட்டையில் இருக்கிறதா, இணையக் கடையிலிருந்து வந்ததா? கடை இன்னும் திறந்திருக்கிறதா?

4. இக்குறிப்பிட்ட கருவியில் ஓடுமா? துவாரத்தைப் பார்க்க. நாட்டையும் பார்க்க: டி.எஸ். சில்லட்டைகளில் பெரும்பாலானவை எந்நாட்டுக் கருவியிலும் ஓடும், 3டி.எஸ். அப்படியன்று. ஜப்பானில் விற்ற 3டி.எஸ்.ஸில் ஜப்பானிய மொழி மட்டுமே வரும்.

5. பழைய கருவியாயின், முன்னவர் எடுத்த படங்களும் பதிவு செய்த குரலும் உள்ளே இருக்கின்றனவா? பாட்டரி வீங்கியிருக்கிறதா? படங்களையும் குரலையும் விற்றவரின் சம்மதத்துடன் அழித்துவிடுக. வீங்கிய பாட்டரியை மாற்றாமல் விற்கற்க.

இவ்வைந்துக்கும் கிடைத்த விடையை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். "இந்த அகராதி ஓடும், இதன் இணையக் கடை மூடியாயிற்று" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லி விற்றவரிடம், வாங்கியவர் மறுபடி வருவார். முதற்பாதியை மட்டும் சொன்னவரிடம் ஒரு முறைதான் வருவார். அடுத்த முறை வந்தால் சண்டைக்கே வருவார்.

அன்பர்கள் தங்கள் கடையிலும் வீட்டிலும் தேங்கிக் கிடக்கும் பழைய கருவிகளை எடுத்து, தூசு தட்டி, இவ்வைந்து கேள்விகளையும் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பார்களாக. பயன்படுவது எது, பழைய சாமானுக்குப் போக வேண்டியது எது என்பது அப்பொழுது தானே விளங்கும்.