ஐப்பசிக் கோடியக்கரை

கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்க மார்கழி, தையில் வருவோர்தான் அதிகம். என்னைக் கேட்டால், ஐப்பசி பிறந்ததும் அடைமழை பிடிப்பதற்குள் ஒருமுறை வந்துவிடுங்கள். பூநாரைகள் அப்போது பெருங்கூட்டமாகத் திரண்டிருக்காது, போகட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது காட்டுக்குள் இருக்கிறது.

வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் இந்த முனையோடு தரை முடிகிறது. எதிரே இலங்கை. வடக்கிலிருந்து வரும் சிறு பறவைகளில் பல, கடல் தாண்டுவதற்கு முன் இந்தப் புதர்க்காட்டில் இறங்கி இளைப்பாறி இரை தேடுகின்றன. அவற்றில் ஆறுமணிக்குருவிக்காக மட்டுமே நான் மறுபடி மறுபடி வருவேன். பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, இருந்தும் இல்லாததுபோல ஒரு வால். விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். மரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோகாதீர்கள். அது தரையில் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும். நடப்பதை நிறுத்தி ஓரிடத்தில் கால் மணி நேரம் அசையாமல் நில்லுங்கள். கொசு கடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அரசவால் ஈப்பிடிப்பானும் காட்டு வாலாட்டியும் தாமாகவே கண்ணில் படும்.

இதற்கு விடியும்போதே காட்டு வாசலில் இருக்க வேண்டும். ஆகவே முந்தின இரவு வேதாரண்யத்தில் தங்கி, ஆட்டோவை அப்போதே பேசி வைத்துவிடுங்கள். சரணாலயம் திறந்திருக்கிறதா என்று வனத்துறையிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்வது நல்லது; புயல் சின்னம் உருவானால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். சிவப்புச் சட்டை வேண்டாம். தண்ணீரும் சிற்றுண்டியும் கையோடு இருக்கட்டும்.

வெயில் ஏறியதும் சதுப்புக்குப் போங்கள். அது சாலைக்கு மேற்கே விரிவதால் காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மாலையில் போனால் கண் கூசும், எல்லாப் பறவையும் கருநிழலாகத்தான் தெரியும். சேற்றில் எலிக்குஞ்சுபோல ஓடித் திரிவது கொசு உள்ளான். 25 கிராம் சுமாருக்கு எடையுள்ள இது, ஆர்க்டிக் கரையோரச் சமவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்திருக்கிறது. பலத்த மழை பெய்து நீர் ஆழமானால் இந்தக் குட்டைக்கால்காரர்களுக்கு இங்கே இடமில்லை, கிளம்பிவிடும். மழைக்கு முன்னே வரச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

திரும்பும் வழியில் அகத்தியம்பள்ளி. 1930இல் ராஜாஜி உப்பு அள்ளிய இடம். உப்பளப் பாத்திகளின் ஓரத்திலும் உப்புக்கொத்திகள் நிற்கும், வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறார்கள். ஏதாவது ஒரு பறவையின் காலில் வளையமோ நிறப் பட்டையோ தெரிந்தால் எந்தக் கால், என்ன நிறம், என்ன எழுத்து என்று அங்கேயே குறித்து, படமும் எடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள்.